பதினோரு ஜோடி

தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் வசுமதி காதோரம் பறந்த முடியைச் செருகிக்கொண்டாள். படகு அப்போது ஐம்பதடி தூரத்தில்தான் இருந்தது. ஒரு குரல் கொடுத்திருந்தால் கேட்டிருக்கும். மோட்டார் சத்தத்தில் முதல் குரல் அமுங்கினாலும் இரண்டாவது கேட்டிருக்கும். 'அண்ணே' என்ற சொல் தொண்டை வரை வந்து உட்காரத்தான் செய்தது. அதற்குள் மனசு முந்திக்கொண்டு அடுத்து நடக்கப்போவதை எல்லாம் விரித்துக் காட்டிவிட்டது. பதினோரு முகங்களும் ஒன்றாகத் திரும்பும். மதுரைக் குடும்பத்தின் பச்சைச் சேலைக்கார அம்மா நெஞ்சில் கைவைத்து, 'அடியாத்தே, அந்தப் பிள்ளைய விட்டுட்டமே' என்பாள். கல்லூரிப் பையன்கள் நாலு பேரும் சிரிப்பார்கள். கெட்ட சிரிப்பாக இருக்காது, சும்மா சிரிப்புத்தான், ஆனாலும் சிரிப்பு. படகு வளைந்து திரும்பி வருகிற வரைக்கும் அவள் இந்த வெறும் மணலில் எல்லோர் கண்ணுக்கும் நடுவில் நிற்க வேண்டும். பிறகு முழங்கால் தண்ணீரில் சுடிதாரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும். கரை போய்ச் சேரும்வரை அவள்தான் பேச்சு. இத்தனையையும் அவள் பார்த்து முடிப்பதற்குள் ஐம்பதடி நூறடியாகி, நூறடி பாலம் போட முடியாத தூரமாகிவிட்டது. இனிமேல் கத்தினாலும் கேட்காது என்று ஆன அந்த நொடியில் அவளுக்கு வந்தது பயம்கூட இல்லை. சின்னதாக ஒரு நிம்மதி. பரீட்சைக்குப் போகிற பஸ் தவறிவிட்டால் வருமே, அந்த மாதிரி. அதை நினைத்தால்தான் இப்போது உடம்பு கூசுகிறது.

படகு கிளம்பியபோது அவள் கடல் நடுவே கிடந்த இந்த மணல்திட்டின் மறுகோடியில் அடும்புக்கொடி படர்ந்த மேட்டுக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து நண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். மிளகளவு நண்டு. வளையிலிருந்து வெளியே வந்து மணலை வாயில் அள்ளி, சலித்து, உருண்டை உருண்டையாக ஒதுக்கிவைத்துக்கொண்டே போனது. உருண்டைகள் வளையைச் சுற்றி ஒரு கோலம் மாதிரி விரிந்தன. அந்தக் கோலம் எந்த இடத்தில் நின்றுபோகும் என்று பார்ப்பதற்காகத்தான் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள். மோட்டார் சத்தம் கேட்டது. வேறு படகு என்று நினைத்தாள். எழுந்து பார்த்தபோது பதினோரு முதுகுகள். பரவாயில்லை, படகுக்காரர் சந்தியாகுவுக்கு ஆள் குறைவது தெரியாமல் போகாது, பாதி வழியில் திரும்பிவிடுவார் என்று ஒரு கால்மணி நேரம் நினைத்துக்கொண்டிருந்தாள். பிறகுதான் அவர் ஆளை எண்ணுகிறவர் இல்லை என்பது ஞாபகம் வந்தது. வெள்ளாங்குடாக் கரையில் ஏறும்போது அவர் ஒரு நைலான் வலைப்பையை நீட்டினார். "செருப்பக் கழட்டி இதுல போடுங்க. படகுல செருப்புக்கால் படக்கூடாது. திட்டுல இறங்குறப்ப திருப்பித் தாரேன், அங்க சிப்பி காலக் கிழிச்சிரும். திரும்ப ஏறுறப்ப மறுபடி இதுக்குள்ள போட்டுரணும்." பையன்களில் ஒருவன் கேட்டான்: "எல்லாரும் ஏறிட்டமான்னு எப்படிண்ணே பாப்பீங்க, அட்டெண்டன்ஸ் எடுப்பீங்களா?" சந்தியாகு சிரிக்காமல் சொன்னார்: "கடல்ல நாங்க ஆள எண்ண மாட்டோம் தம்பி. எண்ணுனா ஒண்ணு குறையும்னு எங்கப்பா அடிப்பாரு. செருப்பத்தான் எண்ணுவேன். பதினோரு ஜோடி போச்சா, பதினோரு ஜோடி வரணும்." "ஒருத்தன் ரெண்டு ஜோடி கொண்டுவந்தா?" "உன்னைய விட்டுட்டு அதக் கூட்டிட்டு வந்துருவேன்." எல்லோரும் சிரித்தார்கள். வசுமதியும் சிரித்தாள். அவள் செருப்பு வார் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே அறுந்துபோய், இரண்டும் துணிப்பைக்குள் கிடந்தன. மணலில் வெறுங்காலோடு நிற்பதை யாரும் பார்க்கவில்லை. என் செருப்பு பைக்குள் இருக்கிறது என்று சொல்ல வாய் திறந்தாள். சிரிப்பு ஓயட்டும் என்று காத்திருந்தாள். ஓய்ந்ததும், இப்போது போய் இதைச் சொன்னால் நன்றாக இருக்காது என்று பட்டது. பதினோரு ஜோடி. ஆட்கள் பன்னிரண்டு. அந்தக் கணக்கு அப்போதே அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டாள்.

மற்றவர்களாவது தேடமாட்டார்களா என்றால், அதற்கும் அவளே வழி பண்ணி வைத்திருந்தாள். படகில் பச்சைச் சேலைக்கார அம்மா, "நீ தனியாவாம்மா வந்திருக்க?" என்று கேட்டபோது, இல்லை என்றும் ஆமாம் என்றும் சொல்லாமல், பின்னால் உட்கார்ந்திருந்த புதுப்பெண் மாப்பிள்ளை பக்கமாகத் தலையைச் சாய்த்தாள். அந்த அம்மா அவளை அவர்களோடு சேர்த்துவிட்டாள். புதுப்பெண்ணும் மாப்பிள்ளையும் அவள் மதுரைக் குடும்பத்துப் பெண் என்றே நினைத்திருப்பார்கள், அவர்களுக்குத் தங்களைத் தவிர யாரைப் பார்க்க நேரம். பையன்களுக்கு அவள் யாரோ ஒரு அக்கா. ஒவ்வொருவர் மனசிலும் அவள் பக்கத்துக் கூட்டத்தோடு பத்திரமாகக் கரை சேர்ந்திருப்பாள். ராமநாதபுரத்து மகளிர் விடுதியில், ஊருக்குப் போகிறேன் என்று வெள்ளிக்கிழமையே நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். அருப்புக்கோட்டையில் அம்மாவிடம், இந்த வாரம் வரவில்லை, விடுதியிலேயே இருக்கிறேன் என்று சொல்லியிருந்தாள். யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை வேண்டும் என்று ஆசைப்பட்டாள். கடலோரத்தில் ஒரு பகல், கொஞ்சம் பறவைகள், யாரும் கேள்வி கேட்காத ஒரு பஸ் பயணம். அந்த ஆசை இவ்வளவு சுத்தமாக நிறைவேறும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு அவள் வேலை பார்க்கிற கல்லூரி நூலகம் திறக்காதபோதுதான் முதல் ஆள் அவளைத் தேடும். அதுகூட அவளை இல்லை, சாவியை.

காலையில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பனைகளுக்கு நடுவே மணல் ரோடு, ரோட்டின் ஒரு பாதியில் நெத்திலி காய்ந்தது, இன்னொரு பாதியில் பஸ் ஒதுங்கி ஒதுங்கிப் போனது. மாதா கோயில் கோபுரத்துக்கு அடித்திருந்த நீலம் வானத்தின் நீலத்தோடு போட்டி போட்டுத் தோற்றிருந்தது. டீக்கடைப் பெஞ்சில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த ஒருவர், இது பெண்கடல், அலை அடிக்காது, பாம்பனுக்கு அந்தப் பக்கம்தான் ஆண்கடல், எந்நேரமும் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும் என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். அவளுக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போயிற்று. சத்தம் போடாத கடல். இப்போது அந்தச் சத்தம் போடாத கடலைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அலை இல்லை. ஏறி வருவதே தெரியவில்லை. உடைந்த சங்குத்துண்டு ஒன்றை ஈரத்தின் விளிம்பில் நட்டுவைத்தாள். உள்ளான் குருவிகள் கூட்டமாக விளிம்பையொட்டி ஓடி, ஏதோ மறந்துபோனதுபோல நின்று, திரும்பவும் ஓடின. ஒன்று மட்டும் ஒரு காலில் நொண்டியபடி கடைசியில் ஓடியது. அவள் அதற்காகக் காத்திருந்தாள், அதுவும் போய்ச் சேர்ந்தது. சங்குத்துண்டைப் பார்த்தாள். அதைச் சுற்றித் தண்ணீர். ஆறு மணிக்கெல்லாம் இந்தத் திட்டு இருக்காது என்று சந்தியாகு சொன்னது புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. "எங்கண்ணே போகும்?" "எங்கயும் போகாது. கீழ கெடக்கும். மேல இடுப்பளவு தண்ணி நிக்கும்." திட்டுக்கும் கரைக்கும் நடுவில் படகு போகிற பள்ளம் இரண்டு ஆள் ஆழம். அவளுக்கு நீச்சல் தெரியாது. அருப்புக்கோட்டையில் நீச்சல் எங்கே கற்பது.

கைபேசியில் எட்டு சதவீதம் சார்ஜ் இருந்தது. காலையிலிருந்து பறவைகளாகப் படம் பிடித்ததில் மிச்சம். சிக்னல் ஒரு கோடு காட்டியது, அழித்தது, காட்டியது. காவல்துறையைக் கூப்பிடலாம். கூப்பிட்டால் என்ன சொல்வது. எங்கே இருக்கிறீர்கள் என்பார்கள். கடலில் என்றால் சிரிப்பார்கள். ஜீப் வரும், ஊரே கரைக்கு வரும். நூலகர் ஐயாவைக் கூப்பிடலாம். ஞாயிற்றுக்கிழமை மாலையில் அவரைத் தொந்தரவு செய்யக்கூடாது. இப்படியே விரல் நகர்ந்து நகர்ந்து அம்மாவில் வந்து நின்றது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவது என்று வாசகத்தை மனசுக்குள் தயார் பண்ணிக்கொண்டு அழுத்தினாள். "என்னடி இந்நேரத்துல, சாப்பிட்டியா?" "சாப்பிட்டேம்மா." "என்ன போட்டான்?" "புளிசாதம்." "ஞாயித்துக்கெழமை அதுவுமா புளிசாதம்? வார்டன்கிட்ட நல்லாக் கேக்கணும். நீ எங்க கேக்கப்போற, உன் வாயி தபால்பெட்டி, போடுறதெல்லாம் உள்ள போகும், ஒண்ணு வெளிய வராது." "அம்மா..." "என்னடி அது உஸ்ஸுன்னு எரையுது?" அவள் கடலைப் பார்த்தாள். காற்று துப்பட்டாவை இழுத்து முகத்தில் அடித்தது. தயார் பண்ணிய வாசகம் முழுசாக நாக்கின் மேலேயே இருந்தது. "ஃபேன்மா," என்றாள். "இம்புட்டு வேகமா வைக்காத, சளி பிடிக்கும். இங்க கேளு, உங்க சித்தப்பா நேத்து வந்து..." சித்தப்பா வந்து என்ன செய்தார் என்பது தெரிவதற்குள் கைபேசி கறுத்துப்போனது. அவள் அதைக் காதிலிருந்து எடுக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் 'ம்' போட்டுக்கொண்டிருந்தாள்.

ஏன் இப்படி. சின்ன வயசிலிருந்தே இப்படித்தானா. ஏழாம் வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும்போது அவள் 'உள்ளேன் ஐயா' என்பது அவள் காதுக்கே சரியாகக் கேட்காது. ஐயா ஒருமுறைதான் கூப்பிடுவார், கேட்கவில்லை என்றால் சிவப்பு மை. பதினேழு நாள் வராதவள் என்று அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அப்பா வந்து, தினம் நான்தானே சைக்கிளில் கொண்டுவந்து விடுகிறேன் என்றார். அப்போ இவ எங்கே போறா, என்று ஐயா கேட்டார். எங்கேயும் போகவில்லை; மூன்றாவது பெஞ்சில் அவருக்கு நேராகத்தான் உட்கார்ந்திருந்தாள். அதைச் சொல்லவும் வாய் வராமல் அழுதாள். அழுததே குற்றத்துக்குச் சாட்சி ஆகிவிட்டது. இப்போது நூலகத்தில் பிள்ளைகள் மேசைக்கு முன்னால் வந்து நின்று, அவள் தலைக்கு மேல் உள்ளே எட்டிப் பார்த்து, "யாரும் இல்லையா?" என்று கேட்கிறார்கள். அவள் எழுந்து நின்று புத்தகத்தில் முத்திரை குத்திக் கொடுக்கிறாள். வாங்கிக்கொண்டு போகிறார்கள். அதில் ஒரு சுகமும் இருக்கிறது என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. யாரும் பார்க்காதவள் எல்லாவற்றையும் பார்க்கலாம். யார் எந்தப் புத்தகத்துக்குள் கடிதம் வைக்கிறார்கள், எந்தப் பேராசிரியர் எந்தப் பக்கத்தைக் கிழிக்கிறார், எல்லாம் அவளுக்குத் தெரியும். அந்தச் சுகத்துக்கு இப்படி ஒரு மறுபக்கம் இருக்கும், அது இப்படி உப்பாக, குளிர்ச்சியாகக் கணுக்காலைத் தொடும் என்று நினைக்கவில்லை. தொட்டுவிட்டது. எப்போது தொட்டது. அடும்புக்கொடி மேட்டுக்கு ஏறி நின்றாள். நண்டு போட்ட கோலம் இருந்த இடத்தில் கண்ணாடி மாதிரி ஒரு சவ்வு நீர் பரவி நின்றது. சூரியன் பனைகளுக்குப் பின்னால் இறங்கியிருந்தான். கரையில் மஞ்சளாக ஒரு விளக்கு, அப்புறம் இன்னொன்று. அங்கே யாரோ டீ ஆற்றிக்கொண்டிருப்பார்கள். துணிப்பையை மார்போடு கட்டிக்கொண்டாள். பைக்குள் அடையாள அட்டை இருக்கிறது, பை மிதக்குமா, யாராவது எடுத்தால் பேரைச் சத்தமாக வாசிப்பார்கள். அம்மா இந்தக் கரைக்கு வருவாள். முன்பின் தெரியாத இத்தனை பேருக்கு நடுவே அம்மா தலையில் அடித்துக்கொண்டு கத்துவாள். அந்தக் காட்சியில்கூட அவளுக்கு முதலில் வந்தது கூச்சம். அம்மா இப்படிக் கத்துகிறாளே, எல்லோரும் பார்க்கிறார்களே என்று. தான் செத்துக்கிடக்கும்போதும் கூச்சப்படுகிற தன்னைப் பார்த்தபோதுதான் அவளுக்கு உண்மையாகவே பயம் வந்தது. தண்ணீரைப் பார்த்து வந்த பயம் இல்லை அது. மேட்டின் மேல் நிற்கிற இந்தப் பெண்ணை நம்பி எப்படி உயிரோடு இருப்பது என்ற பயம்.

வடக்குப் பக்கம் ஒரு சின்ன வள்ளம் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பெண்கள். ஒருத்தி கழி ஊன்றித் தள்ளினாள், இன்னொருத்தி காலடியில் குவிந்திருந்த ஈரக் கடல்பாசியின் மேல் உட்கார்ந்திருந்தாள். காற்று கூடியதால் பாசி வளர்க்கிற மூங்கில் தெப்பங்களின் கயிற்றைச் சரிபார்க்கப் போய்விட்டுத் திரும்புகிறவர்கள். காற்று அவர்கள் பக்கத்திலிருந்து அடித்ததால் பேச்சு துண்டுதுண்டாக அவளுக்குக் கேட்டது. யாரோ ஒருத்தியின் காதுகுத்துக்குக் கறி பத்தவில்லையாம். "அக்கா," என்றாள் வசுமதி. நூலகத்தில் பேசுகிற குரல். காற்று அதை வாயிலிருந்தே எடுத்துப் பின்னால் போட்டுவிட்டது. "அக்கா!" வள்ளம் போய்க்கொண்டேயிருந்தது. கழி ஊன்றுகிறவளின் முதுகு இவள் பக்கம் திரும்பப் போகிறது. ஒரு முறை திரும்பிவிட்டால் முடிந்தது. முதுகுகளைப் பற்றி அவளுக்கு இன்றைக்கு நன்றாகத் தெரியும். மறுபடியும் மனசு முந்திக்கொண்டு எதையோ விரிக்க ஆரம்பித்தது, அந்தப் பெண்கள் என்ன கேட்பார்கள், எப்படிப் பார்ப்பார்கள் என்று. அது விரித்து முடிப்பதற்குள் அவள் கத்தினாள். சொல் இல்லை அது. அடிவயிற்றிலிருந்து கிழிந்துகொண்டு வந்த ஏதோ ஒன்று, கரகரவென்று, அசிங்கமாக, ஆம்பிளைக் குரல் மாதிரி. தன்னுடையதுதானா என்று அவளே திடுக்கிட்டாள். திட்டில் மிச்சமிருந்த ஆலாப் பறவைகள் மொத்தமாக எழும்பின. முடிந்ததும் மூச்சை இழுத்து இன்னொரு தடவை கத்தினாள்.

"ஏ ஜெபமாலை, என்னடி அது, பேயா?"

"பேயி சுடிதார் போடாதுடி. ஆளு."

கழி ஊன்றியவள்தான் ஜெபமாலை. ஐம்பது வயசிருக்கும், சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, தலையில் துண்டு. வள்ளத்தை மேட்டோரம் கொண்டுவந்து, வசுமதியின் மணிக்கட்டைப் பிடித்து ஒரு மூட்டையை ஏற்றுவதுபோல உள்ளே இழுத்துப் போட்டாள். "எப்படிம்மா இங்க வந்த?"

"படகுல வந்தேன். விட்டுட்டுப் போயிட்டாங்க."

"எவன் படகு?"

"சந்தியாகு அண்ணன்."

"எப்ப?"

"நாலே காலுக்கு."

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அப்பருந்து நீ கத்திக்கிட்டா இருக்க?" என்றாள் பாசி மேல் உட்கார்ந்திருந்தவள். வசுமதி துணிப்பையைப் பக்கத்தில் இறக்கிவைத்தாள். "சும்மா உக்காராத புள்ள, கையி விறைச்சிரும், அந்தச் சட்டிய எடுத்துத் தண்ணிய இறை," என்றாள் ஜெபமாலை. வசுமதி இறைத்தாள். பழக்கமில்லாததில் பாதித் தண்ணீர் மடியிலேயே விழுந்தது. யாரும் அதைச் சொல்லிச் சிரிக்கவில்லை. காதுகுத்துப் பேச்சு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

கரையில் சந்தியாகு படகைக் கழுவிக்கொண்டிருந்தார். டீக்கடை வாசலில் யாரும் கூட்டமாக நிற்கவில்லை. மதுரைக்காரர்களின் வேன் நின்ற இடத்தில் டயர்த்தடம் மட்டும் இருந்தது. அவள் இவ்வளவு நேரமும் ஊகித்தது எல்லாம் உண்மைதான், யாரும் தேடவில்லை. வள்ளம் தரை தட்டுவதற்கு முன்பே ஜெபமாலை ஆரம்பித்தாள்.

"ஏ சந்தியாகு! திட்டுலருந்து எத்தன பேரக் கொண்டாந்த?"

"பதினோரு ஜோடி. கொண்டுபோனேன், கொண்டாந்தேன். இப்ப என்ன உனக்கு?"

"ஜோடியக் கேக்கலய்யா. ஆளக் கேட்டேன்."

அவர் நிமிர்ந்தார். பாசிக்குவியலுக்குப் பின்னாலிருந்து வசுமதி எழுந்து நின்றாள். அவர் அவளைப் பார்த்தார், திட்டு இருந்த பக்கம் பார்த்தார். அங்கே இப்போது கருத்த தண்ணீர் மட்டும்தான் இருந்தது. கையிலிருந்த குவளை நழுவி விழுந்து, உருண்டு, மிதக்க ஆரம்பித்தது. அவர் அதை எடுக்கவில்லை. ஈர மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஜெபமாலை வள்ளத்தை விட்டு இறங்கி, அவர் அப்பாவில் தொடங்கி, பெரிய பாட்டனையும் கூப்பிட்டு, எண்ணினால் குறையுமாம், எண்ணாமல் குறைத்துவிட்டு வந்து நிற்கிறான் பார் என்று கரை முழுக்கக் கேட்கும்படி திட்டினாள். அவர் காதில் அது எதுவும் விழுந்த மாதிரி தெரியவில்லை. முழங்கால் மேல் வைத்த அவர் கைகள் நடுங்கின. சட்டைப்பையிலிருந்து பீடியை எடுத்தார், பற்றவைக்க முடியவில்லை, திரும்ப வைத்தார். ஒன்றரை மணி நேரம் அவள் பட்டதை எல்லாம் அந்த மனுஷன் ஒரே நிமிஷத்தில் மொத்தமாகப் பட்டுக்கொண்டிருந்தார்.

"கத்தியிருக்கலாமே தாயி," என்றார். குரல் எழும்பவில்லை. "ஒரு சத்தம் குடுத்திருந்தா மோட்டார அமத்தியிருப்பேனே. நான் திரும்பி வந்திருப்பேனே."

வசுமதிக்கு நாலைந்து பதில்கள் வந்தன. கத்தினேன், கேட்கவில்லை; தூரமாகிவிட்டது; கவனிக்கவில்லை. எல்லாம் நல்ல பதில்கள்தான்.

"வெட்கமா இருந்துச்சுண்ணே," என்றாள்.

ஜெபமாலை சிரிக்க வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து, மூடிக்கொண்டாள். சந்தியாகு தலையை ஆட்டினார், அது அவருக்குப் புரிந்ததா புரியவில்லையா என்று சொல்ல முடியாத ஓர் ஆட்டல். வசுமதி அவர் பக்கத்தில் மணலிலேயே உட்கார்ந்தாள். ஏதாவது பேச வேண்டும்போல இருந்தது. அவர் கைகளை நிறுத்தவாவது ஏதாவது.

"எனக்கு ஒண்ணும் ஆகலண்ணே. எம்பேரு வசுமதி. ராமநாதபுரத்துல லைப்ரரில வேலை பாக்கிறேன். ஊரு அருப்புக்கோட்டை. அப்பா தறி ஓட்டுறாரு. பறவை பாக்க வந்தேன். இன்னைக்கு மட்டும் பதினாலு வகை பாத்தேன்."

"ஏயப்பா," என்றாள் ஜெபமாலை. "இதையெல்லாம் அங்கருந்தே சொல்லியிருந்தா இலங்கைக்காரனாச்சும் வந்து தூக்கியிருப்பான்ல."

பாசிக்காரப் பெண்கள் இருவரும் சிரித்தார்கள். வசுமதிக்கும் சிரிப்பு வந்தது, அதோடு கண்ணீரும் வந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. சந்தியாகு மட்டும் சிரிக்கவில்லை. அவர் கைகள் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தன. அவை தனக்காக நடுங்குகின்றன என்பதை அவள் கண்ணை எடுக்காமல், கொஞ்சமும் வெட்கமில்லாமல், பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.